எஸ்கேப்பிஸ்ட்: நடக்காத பொற்காலத்தின் நாயகன் (கேள்வி பதில்)

மைக்கேல் ஷேபானின் நாவலில் பிறந்து, பின்னர் டார்க் ஹார்ஸ் நிறுவனத்தின் காமிக்ஸ் தொகுப்புகளில் தனி வாழ்வு பெற்ற எஸ்கேப்பிஸ்ட் என்னும் முகமூடி நாயகனைப் பற்றி வாசகர்கள் எழுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே தரப்படுகின்றன.

ஐயா, தொகுப்பின் முன்னுரையைப் படித்தால் எஸ்கேப்பிஸ்ட் 1940-களில் வெளிவந்த பழைய காமிக்ஸ் என்றே தோன்றுகிறது. அப்படி ஒரு இதழ் உண்மையில் இருந்ததா?

இல்லை. 2000-ஆம் ஆண்டு வெளிவந்து, 2001-இல் புனைகதைக்கான புலிட்சர் பரிசைப் பெற்ற ‘தி அமேசிங் அட்வென்ச்சர்ஸ் ஆஃப் கவலியர் அண்ட் கிளே’ என்ற நாவலில்தான் இந்த நாயகன் முதன்முதலில் தோன்றுகிறான். நாஜிகளின் பிடியில் சிக்கிய பிராக் நகரிலிருந்து தப்பி நியூயார்க் வந்து சேரும் ஜோ கவலியர் என்ற யூத இளைஞனும், புரூக்ளினில் வளர்ந்த அவனுடைய உறவினன் சாமி கிளேயும் சேர்ந்து உருவாக்கும் காமிக்ஸ் நாயகனே எஸ்கேப்பிஸ்ட். ஜோ, சாமி, அவர்களுடைய பதிப்பாளர், இதழ் எல்லாமே கற்பனை. ஆனால் அவர்களைச் சூழ்ந்திருக்கும் காலம் கற்பனையன்று. 1938-இல் சூப்பர்மேன் வெற்றி பெற்றதும் முகமூடி நாயகர்கள் வேண்டும் என்று பதிப்பாளர்கள் அலைந்த காலம் அது. அதைத்தான் அமெரிக்கக் காமிக்ஸின் பொற்காலம் என்கிறார்கள். அந்த வரலாற்றின் இடைவெளியில் ஷேபான் தம் நாயகனை மிகக் கச்சிதமாகப் பொருத்தியதால்தான் உங்களுக்கு இந்த ஐயமே வந்திருக்கிறது.

நாவலைப் படிக்காதவர்களுக்காக, இவன் யார், இவனுடைய ஆற்றல் என்ன என்று சொல்ல முடியுமா?

டாம் மேஃபிளவர் என்ற கால் ஊனமுற்ற இளைஞன், மேடையில் கைவிலங்குகளையும் பூட்டுகளையும் அவிழ்த்துத் தப்பும் கலைஞரான தன் மாமாவின் குழுவில் பணிபுரிகிறான். மாமா சுடப்பட்டு இறக்கும் தறுவாயில் அவனிடம் ஒரு பொற்சாவியை ஒப்படைக்கிறார். அதை அணிந்தவுடன் அவனுடைய கால் நேராகிறது. அடிமைப்பட்டவர்களை விடுவிப்பதற்காகவே இயங்கும் பொற்சாவிக் கழகத்தின் வீரனாக அவன் மாறுகிறான். எதிரிகள் இரும்புச் சங்கிலி என்ற அமைப்பினர். எம்பயர் சிட்டி என்ற நகரத்து நாடக அரங்கு ஒன்றின் அடித்தளமே அவனுடைய இருப்பிடம்.

இந்தக் கதையை யார் எழுதினார்கள் என்று தெரிந்துகொண்டு படிக்கும்போதுதான் இதன் கனம் புரியும். சாமியின் கால்கள் போலியோவால் மெலிந்தவை. தன்னுடைய ஊனத்தை அவன் நாயகனுக்குக் கொடுத்து, உடனேயே அதைக் குணப்படுத்தியும் விடுகிறான். ஜோ பிராகில் தப்பும் கலையைப் பயின்றவன், தான் மட்டும் தப்பி வந்து குடும்பத்தை அங்கேயே விட்டவன். அவனால் மீட்க முடியாதவர்களைத் தாளில் எஸ்கேப்பிஸ்ட் மீட்கிறான். சூப்பர் ஹீரோக்களின் பிறப்புக் கதைகளில் இவ்வளவு உள்ளார்ந்த காரணத்தோடு அமைந்தவை மிகச் சில என்பது என் துணிபு.

நாவலில் எஸ்கேப்பிஸ்ட் ஹிட்லரைக் குத்தும் அட்டைப்படம் வருகிறது. இது கேப்டன் அமெரிக்காவிலிருந்து எடுத்ததுதானே?

கேப்டன் அமெரிக்கா ஹிட்லரைக் குத்தும் அட்டையின் நினைவு இதில் இருப்பது உண்மை. ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய கேப்டன் அமெரிக்காவின் முதல் இதழ் 1941 மார்ச் என்ற தேதியோடு, அமெரிக்கா போரில் இறங்குவதற்கு ஓராண்டு முன்பே, 1940 டிசம்பரில் கடைகளுக்கு வந்தது. அதை உருவாக்கிய இருவருமே யூதர்கள். அந்தக் குத்து அவர்களுக்கு அரசியல் நிலைப்பாடாகவே இருந்தது. தப்பும் கலைஞன் என்ற கருவுக்கும் நிஜ முன்னோடி உண்டு. ஓவியர் ஜிம் ஸ்டெரான்கோ இளமையில் மேடையில் விலங்கவிழ்க்கும் வித்தைகளைச் செய்து காட்டியவர். அவரை மனத்தில் கொண்டே கிர்பி 1971-இல் மிஸ்டர் மிராக்கிள் என்ற நாயகனைப் படைத்தார்.

தொகுப்பு எப்போது வந்தது, அதன் அமைப்பு என்ன?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த டார்க் ஹார்ஸ் நிறுவனம் 2004, 2005 ஆண்டுகளில் எட்டு இதழ்களாக இதை வெளியிட்டது. பின்னர் அவை மூன்று நூல்களாகவும் தொகுக்கப்பட்டன. இதழ் ஒவ்வொன்றும் தனிச் சிறு நூல் அளவுக்குக் கனமானது. பல எழுத்தாளர்களும் பல ஓவியர்களும் அதில் பங்கேற்றார்கள். 2005-இல் காமிக்ஸ் துறையின் புகழ்பெற்ற ஐஸ்னர் விருது, சிறந்த தொகுப்புக்கான பிரிவில் இதற்குக் கிடைத்தது.

இதன் அடிப்படைப் பாவனையைத்தான் கவனிக்க வேண்டும். இக்கதைகள் புதிதாக எழுதப்பட்டவை என்று தொகுப்பு எங்கும் ஒப்புக்கொள்வதில்லை. எஸ்கேப்பிஸ்டின் உரிமை வெவ்வேறு பதிப்பாளர்களிடம் கைமாறியதாகவும், அந்தந்தக் காலத்து இதழ்களிலிருந்து தேர்ந்தெடுத்த மறுபதிப்புகளே இவை என்றும் அது வாசகரிடம் சொல்கிறது. கதைகளுக்கு இடையே மலாக்கி பி. கோஹன் என்ற வரலாற்று ஆய்வாளர் எழுதிய கட்டுரைகள் வருகின்றன. எந்த ஓவியர் எந்த ஆண்டில் ஏன் விலகினார், எந்த இதழ் ஏன் விற்கவில்லை என்றெல்லாம் அவர் பொறுப்போடு விளக்குகிறார். ஆங்கிலத்தில் அவர் பெயரின் எழுத்துகளைக் கலைத்து மாற்றி அடுக்கினால் மைக்கேல் ஷேபான் என்று வரும். நாவலில் 1954-ஆம் ஆண்டோடு நின்றுபோகும் நாயகனுக்கு, அதன் பிறகு அரை நூற்றாண்டு நீண்டதொரு வாழ்க்கையை இந்தக் கட்டுரைகள்தாம் கட்டித் தருகின்றன. கதைகளை மட்டும் படித்துவிட்டுக் கட்டுரைகளைத் தள்ளிவிடுகிற வாசகர் தொகுப்பின் பாதியை இழக்கிறார்.

நான் ஓவியக் கல்லூரி மாணவி. ஒரு புதிய பக்கத்தை 1940-களின் பக்கம் போலத் தோன்றச் செய்ய ஓவியர்கள் என்னென்ன செய்கிறார்கள்?

நல்ல கேள்வி, அம்மா. பலர் தாளை மஞ்சளாக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். பழமை தாளின் நிறத்தில் இல்லை, பக்கத்தைக் கட்டிய முறையில் இருக்கிறது.

அக்கால இதழ் ஒன்றைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். நாயகனின் முகத்தில் இருக்கும் தோல் நிறம் உண்மையில் ஒரு நிறமே அன்று. வெள்ளைத் தாளில் இடைவெளி விட்டுத் தெளித்த சிவப்பு, மஞ்சள் புள்ளிகளின் கூட்டம். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் நான்கு தனித்தனி அச்சுத் தகடுகளிலிருந்து இறங்கும். ஒரு தகடு சற்று நகர்ந்தால் சிவப்பு மேலங்கியின் நிறம் கோட்டைத் தாண்டி வானத்தில் வழியும். மலிவான நியூஸ்பிரிண்ட் தாள் மையை உறிஞ்சிக்கொள்வதால் மெல்லிய கோடுகள் ஊறித் தடித்துவிடும். இதை அறிந்த ஓவியர்கள் தூரிகையால் தடித்த கோடு இழுத்தார்கள், உள்விவரங்களைக் குறைத்தார்கள், கறுப்பைப் பெரிய பரப்புகளாக நிரப்பினார்கள். நாம் இன்று பொற்காலப் பாணி என்று வியப்பவற்றில் பெரும்பகுதி, மட்டமான தாளுக்கும் அவசரமான அச்சுக்கும் ஈடுகொடுக்கக் கைகள் கண்டுபிடித்த வழியே ஆகும்.

அடுத்தது கதை சொல்லும் முறை. தொடக்க கால இதழ் அறுபத்து நான்கு பக்கங்கள், விலை பத்து சென்ட். ஒரே இதழில் பல கதைகள் அடங்க வேண்டும். ஆகவே பக்கத்துக்கு ஆறு முதல் ஒன்பது கட்டங்கள் வரை நெருக்கி வரைவார்கள். நாயகன் கதவை உடைப்பதைப் படம் காட்டிக்கொண்டிருக்கும்போதே, அவன் கதவை உடைப்பதாக மேலே உள்ள விவரணைப் பெட்டியும் சொல்லும். இன்றைய எழுத்தாளருக்கு அந்த மிகுதியை விட்டுவிடத்தான் கை பரபரக்கும். அதை விடாமல் எழுதுவதற்குத் தனிக் கட்டுப்பாடு தேவை. 1950-களின் கதையாக இருந்தால் பொருளே மாற வேண்டும். 1954-இல் காமிக்ஸ் பற்றிய அமெரிக்க செனட் விசாரணையும் அதைத் தொடர்ந்து காமிக்ஸ் கோடு என்ற தணிக்கை அமைப்பும் வந்த பிறகு, இரத்தமும் அச்சமும் பக்கங்களிலிருந்து வெளியேறின. எழுபதுகளுக்கு வந்தால் கட்டங்களின் வடிவம் கலைந்து, நாயகன் சட்டகத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவான். நீங்கள் பயிற்சியாக ஒரே காட்சியை இந்த மூன்று காலங்களின் இலக்கணப்படியும் வரைந்து பாருங்கள். எங்கே உங்கள் கை இன்றைய பழக்கத்துக்கு நழுவுகிறது என்பது தானாகவே தெரியும்.

வில் ஐஸ்னரின் கடைசிப் படைப்பு இத்தொகுப்பில் இருப்பதாகச் சொல்கிறார்களே?

ஆம். ஆறாம் இதழில் அவருடைய ஸ்பிரிட் என்ற முகமூடி நாயகனும் எஸ்கேப்பிஸ்டும் சந்திக்கும் சில பக்கக் கதை இருக்கிறது. 1940 ஜூனில் செய்தித்தாள்களின் ஞாயிறு இணைப்பாகத் தொடங்கிய ஸ்பிரிட்டைப் படைத்தவர் அவர். இந்தச் சிறுகதையை முடித்துக் கொடுத்தபின், 2005 ஜனவரி 3 அன்று தமது 87-ஆம் வயதில் காலமானார். இதழ் அதன் பிறகே வெளிவந்தது.

பொற்காலத்தை நேரில் வாழ்ந்த ஒருவர், அந்தக் காலத்தில் இருந்ததாக இன்னொருவர் கற்பனை செய்த நாயகனைத் தம் சொந்த நாயகனோடு நிற்க வைத்து வரைந்தது, அந்தப் பொய் வரலாற்றுக்குக் கிடைத்த மிகப் பெரிய அங்கீகாரம் என்று கருதுகிறேன். ஓவியர் ஜீன் கோலனின் பங்களிப்பையும் இதே வரிசையில் வைக்க வேண்டும். அவரும் 1940-களிலேயே இத்தொழிலுக்கு வந்தவர். நிழல்களில் தோய்ந்த அவருடைய பக்கங்களில் பழமையை யாரும் செயற்கையாக வரவழைக்க வேண்டியிருக்கவில்லை.

நம் இரும்புக்கை மாயாவியையும் இந்த வகையில் சேர்க்கலாமா?

சேர்க்க முடியாது. அவர் உண்மையான பழைய நாயகர். பிரிட்டனின் வேலியண்ட் இதழில் 1962-இல் தோன்றி, 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழ் வழியாகத் தமிழுக்கு வந்தவர். அவரைப் படிக்கும் தமிழ் வாசகரிடம் எழும் இளமை நினைவு நிஜமானது. எஸ்கேப்பிஸ்ட் தொகுப்போ, யாருமே சிறுவயதில் படித்திராத ஒன்றைப் பற்றி அதே நினைவை எழுப்ப முயல்கிறது. அதன் சவால் அங்கேதான் இருக்கிறது.

இதைப் போலக் கற்பனையான பழைய நாயகர்களை வைத்து வேறு யாரேனும் செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். 1993-இல் இமேஜ் நிறுவனம் வெளியிட்ட ‘1963’ என்ற ஆறு இதழ் வரிசையில், எழுத்தாளர் ஆலன் மூரும் நண்பர்களும் அறுபதுகளின் மார்வெல் இதழ்களை, வாசகர் கடிதப் பக்கமும் விளம்பரங்களும் உட்பட, மறுபடைப்புச் செய்தார்கள். கதையை முடித்து வைக்க வேண்டிய சிறப்பிதழ் வரவேயில்லை. அதே ஆண்டில் போங்கோ காமிக்ஸ், சிம்ப்சன்ஸ் தொடரில் வரும் கற்பனை நாயகனான ரேடியோஆக்டிவ் மேனுக்கு இதழ்கள் வெளியிட்டது. முதல் இதழுக்கு அடுத்த இதழின் எண் 88, அதற்கடுத்தது 216. இடையில் வராத இதழ்களும் வந்துபோனதாக வாசகர் நம்ப வேண்டும் என்பதே அந்த எண்களின் நோக்கம். 2000-இல் மார்வெல், சென்ட்ரி என்ற நாயகன் அறுபதுகளிலேயே படைக்கப்பட்டு மறக்கப்பட்டவன் என்று ஒரு பத்திரிகையின் துணையோடு செய்தியே பரப்பியது.

இவற்றில் பெரும்பாலானவை பாணியைப் பகடி செய்கின்றன, அல்லது வாசகரை ஏமாற்றி மகிழ்கின்றன. எஸ்கேப்பிஸ்ட் தொகுப்பு அப்படியன்று. அது படைப்பாளிகளுக்காகத் துக்கம் கொண்டாடுகிறது. இதைத்தான் அடுத்த கேள்வி கேட்டவரும் தொட்டிருக்கிறார்.

உரிமை, ஒப்பந்தம், வழக்கு என்றே கட்டுரைகள் பேசுகின்றன. ஒரு சாகசக் காமிக்ஸுக்கு இது எதற்கு?

ஏனென்றால் அந்தத் தொழிலின் வரலாறே அதுதான். கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனின் முதல் கதைக்கு 130 டாலர் பெற்றுக்கொண்டு முழு உரிமையையும் எழுதிக் கொடுத்தார்கள். பதின்மூன்று பக்கங்கள், பக்கத்துக்குப் பத்து டாலர். அவர்களுடைய நாயகன் உலகமெங்கும் பணம் ஈட்டியபோது அவர்கள் வறுமையில் இருந்தார்கள். பொதுமக்கள் கண்டனம் எழுந்த பிறகு, 1975-இல்தான் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் இதழில் பெயரும் கிடைத்தன. சூப்பர்மேனைப் போல இருக்கிறான் என்ற வழக்கால் ஃபாசெட் நிறுவனம் கேப்டன் மார்வெலை 1953-இல் நிறுத்தியது. நாவலில் எஸ்கேப்பிஸ்ட் நிற்பதும் அதே வகை வழக்கால்தான். எல்லாரையும் விலங்கிலிருந்து விடுவிக்கும் நாயகனை உருவாக்கியவர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தார்கள் என்ற முரணை ஷேபான் ஒருபோதும் மறக்கவிடுவதில்லை.

2006-இல் பிரையன் கே. வான் எழுதிய ‘தி எஸ்கேப்பிஸ்ட்ஸ்’ என்ற ஆறு இதழ்த் தொடர் இந்தக் கருவை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. கிளீவ்லாந்தில் வாழும் ஓர் இளைஞன், தாய் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு, எவரும் நினைவில் வைத்திராத எஸ்கேப்பிஸ்டின் உரிமையை வாங்கி, ஓவியம் வரையத் தெரிந்த ஒரு பெண்ணோடும், பேச்சுக் குமிழிகளில் எழுத்து வரையும் தன் நண்பனோடும் சேர்ந்து புதிய இதழ் தொடங்குகிறான். அவர்களுடைய அன்றாட வாழ்க்கை ஒரு கையால் வரையப்படுகிறது. அவர்கள் உருவாக்கும் காமிக்ஸ் வேறொரு கையால், வேறொரு பாணியில் வரையப்படுகிறது. ஒரே பக்கத்தில் இரண்டும் உரசும் இடங்களில், இளைஞன் வாய்விட்டுச் சொல்லத் துணியாததை நாயகன் சொல்லிவிடுகிறான்.

தொகுப்பின் எல்லாக் கதைகளும் ஒரே தரத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கருத்து?

எனக்கும் தோன்றவில்லை. பாவனையை முழுமையாக ஏற்ற கதைகளே நிற்கின்றன. எரிக் வைட் வரைந்த ‘தி பாசிங் ஆஃப் தி கீ’ நாயகனின் பிறப்பைத் தெளிவாகச் சொல்லும் நல்ல தொடக்கம். ஹோவர்ட் சேக்கின், கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த ஐம்பதுகளின் அச்சத்தைக் கதைக்குள் கொண்டுவந்திருக்கிறார். மாறாக, தம் வழக்கமான பாணியில் ஒரு கதை வரைந்து, எஸ்கேப்பிஸ்டின் உடையை மட்டும் மாட்டிவிட்ட ஓவியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் திறமையில் குறையில்லை. ஆனால் அக்கதைகள் எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்று கேட்டால் 2004 என்றுதான் சொல்ல முடியும். பளபளப்பான தாளும் கணினி வண்ணமும் சில இடங்களில் மாயத்தைக் கலைத்துவிடுகின்றன.

எந்த வரிசையில் படிப்பது? என் மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான், அவனுக்குக் கொடுக்கலாமா?

உங்களுக்கு முதலில் நாவல், பிறகு முதல் தொகுப்பு, அதன் பிறகு வானின் தொடர். நீண்ட நாவலுக்கு நேரமில்லை என்றால் வானின் தொடரிலிருந்தே தொடங்கலாம். அதற்குத் தேவையான முன்கதையை அதுவே தருகிறது. மகனுக்கு நாவலை இப்போது கொடுக்க வேண்டாம். அதில் வயது வந்தோருக்கான பகுதிகள் உண்டு. தொகுப்புகளிலும் கதைக்குக் கதை தொனி மாறுவதால், நீங்கள் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, ‘தி பாசிங் ஆஃப் தி கீ’ கதையை முதலில் எடுத்துக் கொடுங்கள்.