கடற்கரையில் நாயை அவிழ்த்து விடுவது அவ்வளவு பெரிய தப்பா? நாய் வளர்ப்பவர்களுக்கு என்னதான் பொறுப்பு?

பெசன்ட் நகர் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை காலை நாயை அவிழ்த்து விட்டீர்கள், அது ஒரு குடும்பத்தின் பக்கம் ஓடியது, அந்த ஆள் எல்லோர் முன்னாலும் உங்களைத் திட்டிவிட்டார். "என் நாய் இதுவரை யாரையும் கடித்ததே இல்லை, நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். லாப்ரடாரோ கோல்டன் ரிட்ரீவரோ வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுக்குமாடி வீடு, வாரம் முழுக்க அது பால்கனியில் கிடந்திருக்கும், ஒரு நாளாவது ஓடட்டுமே என்று மனசு கேட்டிருக்காது. இதே நினைப்பில் நானும் இருந்தவன்தான். அதனால்தான் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூர்க்காரன். சின்னதாக ஒரு பம்ப்செட் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் கடல் கிடையாது, அதைப் பார்க்கப் பாலக்காட்டுக் கணவாய் தாண்டி கேரளா போக வேண்டும். கடல் இல்லாத ஊர்க்காரனுக்குக் கடற்கரையைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேட்பீர்கள். சரி, கேளுங்கள். எங்களுக்குக் குளக்கரைதான் கடற்கரை. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம் என்று ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கரையெல்லாம் நடைபாதை போட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் உங்கள் மெரினாவுக்கு நாங்கள் ஒன்றும் இளைத்தவர்கள் இல்லை. நான் சொல்லப்போவது இவை மூன்றிலும் நடந்தது அல்ல. எங்கள் பேட்டைக் குளத்தின் பெயரைச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

என் நாயின் பெயர் சீசர். மஞ்சள் லாப்ரடார், அப்போது மூன்று வயது, முப்பத்திரண்டு கிலோ. வெடியால ஆறு மணிக்குக் கரையில் கூட்டம் குறைவாக இருக்கும். அரைக் கிலோமீட்டர் கயிற்றில் நடத்திவிட்டு, அப்புறம் கொக்கியைக் கழற்றி விடுவேன். ஒரு வருடம் ஒரு பிரச்சினையும் வரவில்லை. வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களைப் பார்த்ததும் எத்தனை பேர் பாதி வழியில் திரும்பிப் போனார்கள் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு ஓர் அம்மா, அறுபத்தைந்து வயது இருக்கும், பேரனைக் கூட்டிக்கொண்டு எதிரே வந்தார். பையனுக்கு ஆறு வயது, கையில் பன். சீசருக்குக் கண்ணில் பட்டது பன் மட்டும்தான். அது ஓடியது, அதைப் பார்த்துப் பையன் ஓடினான். நாய்க்கு முன்னால் ஒரு குழந்தை ஓடினால் அது விளையாட்டு, கடைசிவரை துரத்தும். நான் ஐம்பதடி தள்ளி நின்று கையை ஆட்டிக்கொண்டு கத்தினேன்: "ஒண்ணும் பண்ணாதுங்க! ஓடாத கண்ணு, அப்படியே நின்னுக்கோ, ஒண்ணும் பண்ணாது!"

அந்த அம்மா குறுக்கே வந்து விழுந்தார். கரைச் சரிவில் கல் பதித்த இடம். கையை ஊன்றியதில் மணிக்கட்டு போய்விட்டது. சீசர் பையன் மேல் தாவிப் பன்னைப் பறித்துக்கொண்டு வாலை ஆட்டியபடி என்னிடம் வந்து நின்றது. அது கடிக்கவில்லை, நான் சொன்னது நிஜம்தான். ஆனால் நகம் பட்டுப் பையன் கெண்டைக்காலில் இரண்டு கோடு, தோல் உரிந்திருந்தது.

டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் காபித் தூள் வைக்கலாம் என்கிறார், இன்னொருவர் சுண்ணாம்பு என்கிறார். நல்லவேளையாக அங்கே நடக்க வந்திருந்த ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் எல்லோரையும் அதட்டிவிட்டு, பையனைக் குழாயடிக்குத் தூக்கிப் போய், துணி சோப்பைப் போட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி பதினைந்து நிமிடம் கழுவினார். வேறு எதையும் தடவ விடவில்லை. இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கேட்ட முதல் கேள்வி, "நாய்க்கு ஊசி போட்ட கார்டு இருக்குதுங்களா?" வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தேன். வெறிநாய்க்கடி நோய் (ரேபிஸ்) வராமலிருக்க வருடா வருடம் போட வேண்டிய ஊசி. கடைசியாகப் போட்டு ஒரு வருடம் ஐந்து மாதம் ஆகியிருந்தது. மாதம் நாலாயிரம் ரூபாய்க்குத் தீனி வாங்கிப் போடுகிறவன், ஊசியை மறந்திருக்கிறேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கார்டு சரியாக இருந்தாலும் பையனுக்கு ஊசி போடத்தான் போகிறோம், இந்த நோய் வந்துவிட்டால் பிழைக்க வைக்க வழியில்லை என்றார். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றியே இன்னொரு மருந்து ஏற்ற வேண்டியிருக்குமாம், அந்த வரைக்கும் போகவில்லை. அன்றைக்கு இரண்டு கையிலும் ஒவ்வொன்று, அப்புறம் மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். நான்கு தடவையும் நானே வண்டியில் கூட்டிப் போனேன். முதல் மூன்று தடவை அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்லியிருந்தார்கள். கடித்த நாய்க்கு அந்த நோய் இருந்திருந்தால் அதற்குள் தெரிந்துவிடும் என்பது கணக்கு. அந்தப் பத்து நாளும் காலை ஏழு மணிக்குப் பையனின் அம்மா எனக்குப் போன் செய்வார். நலமா என்று கேட்கமாட்டார். "நாய் சோறு தின்னுச்சுங்களா?" அவ்வளவுதான். தின்றது என்றால் போனை வைத்துவிடுவார். ஆறாம் நாள் வெயிலோ என்னவோ, சீசர் தட்டை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ஏழு மணிக்குப் போன் அடித்தபோது எனக்குக் கை நடுங்கியது. எடுக்காமல், சீசருக்கு முன்னால் உட்கார்ந்து தயிர்சோறு ஊட்டி, அது நாலு வாய் தின்ற பிறகு நானே கூப்பிட்டுச் சொன்னேன்.

அந்த அம்மாவுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. செலவை நான் ஏற்றுக்கொண்டேன், அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனபோதும் பழக்க தோஷத்தில், "அது ஒண்ணும் பண்ணாதுங்கம்மா, விளையாட்டுக்குத்தான்" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "ஒண்ணும் பண்ணாதுன்னு உனக்குத் தெரியும் சாமி. எனக்கெப்படித் தெரியும்?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் அவர் வீட்டுத் திண்ணையில் காபி குடித்துவிட்டு வந்தேன்.

உங்களைத் திட்டிய ஆளுக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, ஒரு பெரிய நாய் தன் குழந்தையை நோக்கி ஓடி வருகிறது என்பதுதான். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறிய செய்தியை அவரும் படித்திருப்பார். அதற்குப் பிறகுதான் உங்கள் மாநகராட்சி உரிமம், கயிறு, வாய்மூடி என்று கெடுபிடி காட்டத் தொடங்கியது. சட்டமும் இருக்கிறது: பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவு, தன்னிடம் உள்ள விலங்கை அஜாக்கிரதையாக வைத்திருந்தால் ஆறு மாதம் வரை சிறை, ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தக் குடும்பம் என்மேல் புகார் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எனக்குப் பேச வாயில்லை.

"தெருநாயை எல்லாம் விட்டுவிட்டு, ஊசி போட்டு வளர்க்கிற எங்களைச் சொல்ல வந்துவிட்டாயா" என்று கீழே எழுதப்போகிறீர்கள். தெரியும். நான் நாய் வெறுப்பாளன் இல்லை, இதை எழுதும்போதும் காலடியில் சீசர்தான் குறட்டை விடுகிறது. குளத்தில் நாய் அசுத்தம் செய்கிறது என்று என்னிடம் சண்டைக்கு வருகிற ஒரு பெரியவர், போன வாரம் சாமிப் பூவைப் பிளாஸ்டிக் கவரோடு தண்ணீரில் வீசியதையும் நான் பார்த்தேன். அதற்காக என் நாயின் மலத்தை நான் அள்ளாமல் வர முடியாதே.

தெருநாய் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எங்கள் சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். மானாவாரிக் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அதில் செம்மறி. காங்கேயம், தாராபுரம், சென்னிமலை என்று அந்த வட்டாரம் முழுக்கச் சில வருடங்களாக நாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆட்டைக் கடித்துப் போடுகின்றன. தின்பதற்குக்கூட இல்லை, குரல்வளையைக் கடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் மறியல் செய்த செய்தி டி.வி.யில் வந்ததே, பார்த்திருப்பீர்கள். எங்கள் அப்பா ஒரே ராத்திரியில் பதினோரு உருப்படியை இழந்தார். எழுபத்திரண்டு வயது மனிதர் பட்டி வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்த கோலத்தை என்னால் எழுத முடியாது. நிவாரணத்துக்கு அவர் அலைந்த அலைச்சல் தனிக் கதை. நான் சொல்ல வந்தது வேறு. தோட்டத்து ஆட்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு நாயைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள், கழுத்தில் சிவப்பு பெல்ட் இருந்ததாம். டவுனில் யாரோ ஆசையாக வாங்கி, வளர்ந்ததும் சமாளிக்க முடியாமல், ராத்திரி காரில் கொண்டுவந்து பைபாஸில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ஆளும் அதுவரை "எங்க பையன் ஒண்ணும் பண்ணமாட்டான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பான்.

சரி, கடலுக்கு வருகிறேன். சென்னையில் படிக்கும் என் மகள் ஒருமுறை ராத்திரி ஆமை நடைக்குப் போய்விட்டு வந்து சொன்ன விஷயம் இது. உங்கள் கடற்கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் கரையேறி மணலைத் தோண்டி, ஒரு குழியில் நூறு முட்டை போல இட்டுவிட்டுப் போகின்றன. தன்னார்வலர்கள் ராத்திரி முழுக்க நடந்து அந்த முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் போகிற குழியை நாய் மோப்பம் பிடித்துத் தோண்டிவிடும். உங்கள் நாய் மணலைத் தோண்டுவதை நீங்கள் வீடியோ எடுத்துப் போட்டிருப்பீர்கள், அழகாகத்தான் இருக்கும். அந்த மாதங்களில் இருட்டோடு போகாதீர்கள், தோண்டவும் விடாதீர்கள்.

மணலில் மலத்தை மூடிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். நாயின் வயிற்றில் கொக்கிப் புழு இருந்தால் அதன் குஞ்சுகள் ஈர மணலில் உயிரோடு இருக்கும், வெறுங்காலோடு வருகிறவர் தோலில் புகுந்து சிவப்புக் கோடாக ஊர்ந்து அரிக்கும். பை கொண்டு போங்கள், குடல்புழு மாத்திரையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுங்கள். அப்புறம், குப்பத்துப் பக்கம் வலையும் கருவாடும் காய்கிற இடத்தில் விடவே கூடாது. எங்கள் ஊர்க் களத்தில் மக்காச்சோளம் காயும்போது நாய் கால் வைத்தால் விளக்குமாறு பறந்து வரும். அவர்களுக்கு அந்த மணல்தான் களம். நாய்க்கும் பாடு உண்டு: பத்து மணிக்கு மேல் மணல் பாதத்தைச் சுட்டுவிடும், உப்புத் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும். குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள்.

ஓட வைக்க வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. ரேக்ளா மாட்டுக்குக் கயிறு விற்கிற கடையில் முப்பதடித் தாம்புக் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். ஆள் இல்லாத இடத்தில் விட்டுப் பிடிக்கிறேன், யாராவது வந்தால் சுருட்டிக்கொள்கிறேன். "என்னங்ணா, கன்னுக்குட்டி மேய்க்கறீங்களா?" என்று கரையில் கிண்டல் செய்கிறார்கள். செய்துகொள்ளட்டும். எதிரே வருகிறவர் நின்றுவிட்டால் நான்தான் ஓரமாக ஒதுங்க வேண்டும், அவர் இல்லை. நாயைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர் தானாக வந்து கேட்பார்.

அந்த அம்மாவையும் பையனையும் இப்போதும் பார்க்கிறேன். கட்டு பிரித்த கை இன்னும் முழுசாக மடங்கவில்லை, பையை இடக்கையில்தான் தூக்குகிறார். என்னைத் தூரத்தில் கண்டதும் பையன் பாட்டியின் மறுபக்கம் மாறிக்கொள்வான். நான் கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டு வேலியோரம் நிற்பேன். தாண்டும்போது அந்த அம்மா சீசரைப் பார்த்து, "சோறு தின்னுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

பின்குறிப்பு: சீசர் குட்டி போடுமா, விலைக்குக் கிடைக்குமா என்று உள்பெட்டியில் கேட்காதீர்கள். அது ஆண் நாய், கருத்தடையும் செய்தாகிவிட்டது.