வீடு வீடாக விற்ற கோடை வேலை: கையிலிருக்கும் வசூலும் அவர்கள் பிடித்து வைத்த சான்றிதழும்

கேள்வி: நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு முடித்த மாணவி, வயது 19. சென்ற கோடை விடுமுறையில், வீட்டு உபயோகப் பொருள்களை வீடு வீடாகச் சென்று விற்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். நேர்காணலில் மாதச் சம்பளம் நிச்சயம் என்றார்கள். சேர்ந்த அன்று டெபாசிட் தொகையையும் பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு, சில இடங்கள் நிரப்பப்படாத முத்திரைத்தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். தினமும் காலையில் அலுவலகத்தில் கூட்டம், டீம் லீடர் குறித்துக் கொடுக்கும் தெருக்களில் மாலை வரை விற்பனை, இரவில் மீண்டும் அலுவலகத்தில் கணக்கு. முப்பத்தெட்டு நாள் உழைத்த பிறகு, ‘நீ ஊழியர் அல்ல, கமிஷன் ஏஜென்ட், டார்கெட்டை முடிக்கவில்லை’ என்று சொல்லிப் பணம் தர மறுத்தார்கள். இரண்டு தோழிகளைச் சேர்த்துவிட்டால் டெபாசிட் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். என்னிடம் தகாத முறையில் பேசிய ஒருவரின் வீட்டுக்கு மறுபடியும் தனியாகப் போகச் சொன்னதால் நின்றுவிட்டேன். மூன்று மாதம் முடிக்காததற்கு இழப்பீடு தராவிட்டால் போலீசில் புகார் கொடுப்போம், கல்லூரிக்கும் எழுதுவோம் என்று இப்போது மிரட்டுகிறார்கள். விற்காத பொருள்கள் சிலவும் கடைசி இரண்டு நாள் வசூலும் என்னிடம் இருக்கின்றன. எனக்கு வர வேண்டிய பணத்துக்கு ஈடாக அவற்றை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றிலும் சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம் இருக்கிறது. இந்த ஒன்றில் மட்டும் நீங்களே உங்களுக்கு எதிரான வழக்கைத் தயார் செய்து கொடுத்துவிடும் அபாயம் இருக்கிறது.

வாடிக்கையாளரிடமிருந்து நீங்கள் வாங்கிய பணமும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளும் நிறுவனத்துக்குரியவை. அவற்றைத் திருப்பித் தராமல் சொந்தமாக்கிக்கொண்டார் என்று நிறுவனம் புகார் கொடுத்தால், குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவு, அதாவது நம்பிக்கை மோசடி, பேச்சுக்கு வரும். ஊழியர் செய்த நம்பிக்கை மோசடிக்கு அந்தப் பிரிவு ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது; முகவர், அதாவது ஏஜென்ட், செய்தால் தண்டனை அதைவிடக் கடுமையானது. முகவர் தமக்குச் சேர வேண்டிய ஊதியத்தைத் தாம் வசூலித்த தொகையிலேயே பிடித்துக்கொள்ளலாம் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 217-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அதைப் பயன்படுத்த வேண்டுமானால் ‘நான் ஏஜென்ட்’ என்று நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட மறுகணம், ஊழியர் என்ற முறையில் நீங்கள் கேட்கக்கூடிய, இதைவிட வலுவான உரிமைகள் பலவீனமடைகின்றன. ஆகவே பொருள்களை எண்ணிப் பட்டியலிட்டு, ஒருவரைத் துணைக்கு அழைத்துச் சென்று ஒப்படைத்துக் கையெழுத்துடன் ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் பட்டியலையும் படங்களையும் மின்னஞ்சலில் அனுப்பி, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வசூல் தொகையை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில், எந்தெந்த நாளின் வசூல் என்ற குறிப்போடு செலுத்துங்கள். கையில் ரொக்கமாகத் தர வேண்டாம். உங்களுக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்பதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

அடுத்து, நீங்கள் ஊழியரா, ஏஜென்டா என்ற கேள்வி. நீங்கள் கையெழுத்திட்ட தாளில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பது இதை முடிவு செய்யாது. என்ன வேலை என்பதோடு, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் வேலை கொடுத்தவர் கட்டுப்படுத்தினாரா என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1956-இல் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில் கூறியது. 1973-இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில், தைத்த துணிக்கு இவ்வளவு என்று கூலி பெற்ற தையல்காரர்களையும் ஊழியர்கள் என்றே ஏற்றுக்கொண்டது. காலைக் கூட்டம், குறித்துக் கொடுத்த தெரு, இரவுக் கணக்கு, வர இயலாத நாளுக்கு டீம் லீடரிடம் அனுமதி ஆகிய இவற்றையெல்லாம் நீங்கள் காட்ட முடிந்தால், கமிஷன் என்ற சொல்லைச் சொல்லி நிறுவனம் எளிதில் தப்பிவிட முடியாது. தன் நேரத்தையும் வழியையும் தானே தீர்மானிக்கிற ஏஜென்டுக்கு வருகைப்பதிவு எதற்கு? நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்ப வேண்டிய சட்ட அறிவிப்பில் (நோட்டீஸில்) இந்தக் கேள்வியை அப்படியே எழுதுங்கள்.

ஊழியர் என்றால் உங்களுக்குப் பொருந்துவது ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019. இது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருப்பதால், உங்கள் கோடைகால வேலை இதன்கீழ் வருகிறது. வேலையை விட்டவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்று இதன் 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஊதியம் கொடுக்கப்பட்டதா இல்லையா என்ற தகராறு வந்தால், கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பை 59-ஆம் பிரிவு வேலை கொடுத்தவர் மீதே சுமத்துகிறது. சம்பளச் சீட்டே தரப்படாத உங்களைப் போன்றவருக்கு இது மிக முக்கியமானது. ‘ஊதியம்’ என்பதன் வரையறையில் கமிஷன் சேராது என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் சொல்லக்கூடும். அது பாதி உண்மை. வரையறையிலிருந்து விலக்கப்பட்ட கமிஷன் முதலிய இனங்கள் மொத்த வருவாயில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்பட வேண்டும் என்று அதே வரையறை தொடர்ந்து சொல்கிறது. ஆகவே முழு வருவாயும் கமிஷனாகவே காட்டப்பட்டாலும் அதில் பாதி ஊதியம்தான் என்று வாதிட இடமிருக்கிறது. அதற்கும் மேலாக, குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே ஓர் ஊழியரை வேலை வாங்குவதை 5-ஆம் பிரிவு தடை செய்கிறது. டார்கெட்டை எட்டவில்லை என்பது அதற்கு விதிவிலக்கு அல்ல. உங்கள் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகத்தின் வழியாக, உரிய அதிகாரியிடம் மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கை மனு கொடுக்கலாம். நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது; உங்களோடு வேலை செய்தவர்களின் தொலைபேசி எண்களும் அவர்களின் நினைவும் சில மாதங்களிலேயே மங்கிவிடும்.

முத்திரைத்தாளைப் பற்றி நீங்கள் மிகவும் அஞ்சுகிறீர்கள் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. பதினெட்டு வயது நிரம்பியவர் என்பதால் ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவர் நீங்கள். வயதைக் காட்டி அந்தத் தாளைத் தள்ளிவிட முடியாது. ‘ஊழியரைக் குறிப்பிட்ட காலம் கட்டிப்போடும் பத்திரம் எதுவுமே செல்லாது’ என்று சிலர் சொல்வதையும் நம்ப வேண்டாம். 2025-இல் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்கு முன் விலகும் அதிகாரி குறிப்பிட்ட தொகையைச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் விளம்பரம், தேர்வு என்று பெருஞ்செலவில் ஆள் எடுத்த ஒரு வங்கியின் நிலை வேறு. இரண்டு நாள் பயிற்சி கொடுத்துத் தெருவுக்கு அனுப்பிய நிறுவனத்தின் நிலை வேறு. ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் அது உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான ஈட்டுத்தொகை மட்டுமே கிடைக்கும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. இழப்பு எதுவும் ஏற்படாத இடத்தில் அந்தப் பிரிவின்கீழ்த் தொகை கோர முடியாது என்று 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நீங்கள் நின்றதால் நிறுவனத்துக்கு என்ன இழப்பு என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் விட, மாதச் சம்பளம் நிச்சயம் என்று சொல்லி உங்களைச் சேர்த்தது, கொடுக்கும் எண்ணமே இல்லாமல் சொன்ன வாக்குறுதி என்று காட்ட முடிந்தால், 17, 19-ஆம் பிரிவுகளின்படி அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. ரத்தானால் நிறுவனம் உங்கள் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும். வேலைக்கான விளம்பரம், வாட்ஸ்அப் செய்திகள், டீம் லீடரின் குரல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள். அந்தத் தொலைபேசியை மாற்றவோ விற்கவோ வேண்டாம்.

மதிப்பெண் சான்றிதழைப் பிடித்து வைக்க நிறுவனத்துக்கு எந்த உரிமையும் இல்லை. வரவேண்டிய பாக்கிக்காகப் பிறர் பொருளைப் பொதுவாகப் பிடித்து வைக்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு வங்கியாளர் முதலிய சில வகையினருக்கு மட்டுமே தருகிறது. வேலை கொடுப்பவர் அந்தப் பட்டியலில் இல்லை. கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருள் அல்ல, அதைப் பிடித்து வைக்க முடியாது என்று கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது. அறிவிப்பில் இதற்கு மட்டும் தனியாக ஏழு நாள் கெடு கொடுங்கள். நிரப்பப்படாத இடங்களோடு கையெழுத்து வாங்கப்பட்டது என்பதையும், இனி அவற்றை நிரப்ப உங்கள் சம்மதம் இல்லை என்பதையும் அதே அறிவிப்பில் பதிவு செய்யுங்கள்.

தோழிகளைச் சேர்ப்பது பற்றி ஒரே சொல்: வேண்டாம். ஆள் சேர்ப்பதால் மட்டும் பணம் வரும் திட்டங்களைப் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம், 1978 தடை செய்கிறது. நடத்துபவர் மட்டுமல்ல, அதில் உறுப்பினராகச் சேர்ந்து பங்கேற்பவரும் குற்றவாளி ஆகிறார். ஏற்கெனவே யாரையாவது அழைத்திருந்தால், சேர வேண்டாம் என்று இன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

நீங்கள் ஒரே வரியில் கடந்து சென்ற விஷயத்தை என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன்படி, வேலையின் பொருட்டு நீங்கள் சென்ற வீடும் உங்கள் பணியிடம்தான். அங்கே சந்திக்கும் வெளியாரிடமிருந்தும் உங்களைப் பாதுகாக்கும் கடமையை 19-ஆம் பிரிவு வேலை கொடுத்தவர் மீது வைக்கிறது. தற்காலிகமாக வேலை செய்பவரையும் பயிற்சியாளரையும் சட்டம் ஊழியராகவே கொள்கிறது. நடந்ததைச் சொன்ன பிறகும் அதே வீட்டுக்குத் தனியாகப் போ என்றது அந்தக் கடமையை மீறியது. நீங்கள் வேலையை விட்டது ஒப்பந்த மீறல் என்ற அவர்களின் வாதத்துக்கு என் பார்வையில் இதுவே மிக வலுவான பதில். சம்பவம் நடந்து மூன்று மாதங்களுக்குள் இத்தகைய புகார்களை விசாரிக்க நிறுவனத்துக்குள் அமைக்கப்படும் உள்ளகக் குழுவிடம் புகார் தர வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமாகவோ, புகார் முதலாளி மீதாகவோ இருந்தால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் தரலாம். நாள் தவறியிருந்தால் காரணத்தை எழுதிக் கேட்டால் மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. தேதி நினைவில் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பாதியில் வேலையை விடுவது குற்றம் அல்ல, அதற்காகக் காவல்துறை உங்கள்மீது வழக்குப் பதிய முடியாது. அழைத்து விசாரித்தால், பொருள் ஒப்படைத்த ரசீதும் வங்கிச் செலுத்துச் சீட்டும் உங்கள் கையில் இருக்கும். அதற்காகத்தான் அவற்றை முதலில் முடிக்கச் சொன்னேன். பொய்யான வாக்குறுதி தந்து டெபாசிட் வாங்கியதற்காக நீங்கள் கொடுக்கும் புகாரை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவான ஏமாற்றுதலின்கீழ், எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். சம்பவம் வேறு எல்லையில் நடந்தது என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. ஆயினும் கணக்குத் தகராறு என்று சொல்லிப் புகாரை ஒதுக்கிவைப்பது வழக்கம் என்பதால், முதலில் தொழிலாளர் துறைக்குச் செல்வதையே பரிந்துரைக்கிறேன்.

கல்லூரிக்கு எழுதுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் துறைத் தலைவரிடம் அறிவிப்பின் நகலோடு நீங்களே நடந்ததைச் சொல்லிவிடுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். வழக்கறிஞர் கட்டணத்தை எண்ணித் தயங்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை அழைத்தோ, நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் சென்றோ கேளுங்கள். அறிவிப்பை அங்கே எழுதி வாங்கி, ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் நிறுவனத்தின் பதிவு முகவரிக்கு அனுப்புங்கள்.