5.7 லிட்டர் எஞ்சினுக்கு 200 குதிரைத்திறன்தானா?

கேள்வி: எட்டு வருடமாக டீசல் கார் ஓட்டுகிறேன். இப்போது ஆறு சிலிண்டர் லாரி ஒன்று வாங்கியிருக்கிறேன். காரின் 1.5 லிட்டர் எஞ்சினே 115 குதிரைத்திறன் தருகிறது. லாரி 5.7 லிட்டர், ஆனால் 200தான். ஏன்? காரைப் போல மிதித்து ஓட்டினால் மெக்கானிக் வேறு திட்டுகிறார்.

பதில்: அவர் திட்டுவது நியாயம்தான். (ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன்.)

டார்க் எனும் முறுக்குவிசையையும் எஞ்சின் சுற்றும் வேகத்தையும் பெருக்கினால் வருவது குதிரைத்திறன். உங்கள் காரின் டார்க் 250 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். 4,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 4,000 சுற்று) வரை சுற்றித்தான் அது 115-ஐ எட்டுகிறது. லாரிக்குச் சுமார் 700 நியூட்டன் மீட்டர். அதுவும் 1,200, 1,300 சுற்றிலேயே கிடைத்துவிடும். 2,500-ஐத் தாண்டி அதற்கு வேலையே இல்லை.

ஏன் தாண்டக் கூடாது? இரண்டு பிஸ்டனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார் பிஸ்டன் டம்ளர் மாதிரி, லாரி பிஸ்டன் சொம்பு மாதிரி. அந்தக் கனம் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை நின்று திரும்ப வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடில் விழும் அடி நான்கு மடங்கு.

இதற்குப் பதிலாக லாரிக்கு ஆயுள் கொடுத்திருக்கிறார்கள். லோடோடு நாள் முழுக்க இழுத்தாலும் தாங்கும். பெரும்பாலான லாரி எஞ்சின்களில் சிலிண்டர் லைனர், அதாவது பிஸ்டன் உரசும் உள்சுவர், தனியாகக் கழன்று வரும். தேய்ந்தால் லைனர், பிஸ்டன், ரிங் மாற்றிவிட்டு அதே பிளாக்கை மறுபடி ஓட்டலாம். கார் பிளாக்கில் பொதுவாக அந்த வசதி கிடையாது.

சரி, எப்படி ஓட்டுவது? சத்தத்தைக் கேட்டு கியர் மாற்றாதீர்கள், ஆர்பிஎம் மீட்டரின் பச்சைப் பட்டையைப் பாருங்கள். முள் அதற்குள் இருக்கும்படி ஓட்டினால் போதும். கார் ஆயிலை ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கையேட்டில் சொன்ன கிரேடுதான். மேடு ஏறி வந்ததும் உடனே சாவியைத் திருப்பி அணைக்காமல் இரண்டு நிமிடம் ஐடிலில் (மிதிக்காமல் சும்மா) ஓட விடுங்கள், சூடான புகையில் சுழலும் டர்போ ஆறட்டும்.

அப்புறம், மலை இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டவே கூடாது. பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசரை ஓட்டுவதே எஞ்சின்தான். நியூட்ரலில் எஞ்சின் நின்றுபோனால் காற்று டேங்கில் மிச்சமிருப்பது சில மிதிக்குத்தான் வரும், ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் டீசலை அறவே நிறுத்திவிடுகின்றன; நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் போகும். ஏறிய கியரிலேயே எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டு இறங்குங்கள்.