நகராட்சியே இல்லாத சிங்கப்பூரில் மலிவு வீடுகளைத் திட்டமிடுவது யார்?

கேள்வியில் கேட்டபடி, இங்கே நகராட்சி கிடையாது. நிலப் பயன்பாட்டை நகர மறுசீரமைப்பு ஆணையம் பெருந்திட்டத்தில் வகுத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்கிறது. வீடுகளைக் கட்டி விற்பது 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். பேட்டைகளின் பொது இடங்களைப் பராமரிப்பது நகர மன்றங்கள்; பெயர் அப்படி இருந்தாலும் இவை நகராட்சிகள் அல்ல.

மலிவு சாத்தியமானதற்கு அடிப்படை நிலம்தான். 1966இன் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தால் நிலம் பெருமளவு அரசின் கைக்கு வந்தது. அதன்மேல் மானியம்: முதல் வீடு வாங்கும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து அதிகபட்சம் 120,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) கிடைக்கிறது.

சமூகத் தேவையும் இதே திட்டத்துக்குள் வரும். உட்லண்ட்ஸில் உள்ள கம்போங் அட்மிரல்டியைப் போய்ப் பாருங்கள். மூத்தோர் வீடுகள், உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், பாலர் பராமரிப்பு எல்லாம் ஒரே வளாகத்தில். வயதான பெற்றோர் உள்ளவர்களுக்கு அதன் அருமை புரியும்.

நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை. கழகத்தின் ஒவ்வொரு புளோக்கிலும், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்திலும், ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு உண்டு. சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் இருக்கும் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவதால் விலையும் இறங்கலாம். எல்லா இனத்தவரும் கலந்து வாழ்வதை மனதார ஆதரிக்கிறேன். ஆனால் அதன் செலவைச் சிறுபான்மைக் குடும்பம் மட்டும் சுமப்பது நியாயமில்லை. மிகவும் சிரமப்படுவோரின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022இல் வந்தது. விற்க முடியாமல் தவிப்பவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.