கனகாம்பர விதை ஏன் முளைப்பதில்லை?

தொட்டியில் விதை போட்டு வளர்க்கக்கூடிய, பல ஆண்டுகள் பளிச்சென்ற நிறத்தில் பூக்கும் செடி எது என்று கேட்டிருக்கிறீர்கள். கனகாம்பரத்தின் காய்ந்த கதிர்களை உதிர்த்து இரண்டு முறை மண்ணில் தூவியும் ஒன்றுகூட முளைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கனகாம்பரத்தையே மீண்டும் முயன்று பாருங்கள் என்பதுதான் என் பதில். ஏனென்றால் நீங்கள் தூவியது பெரும்பாலும் விதையாக இருந்திருக்காது, வெறும் சக்கையாகத்தான் இருந்திருக்கும்.

முதலில் உங்கள் செடி எந்த வகை என்று பார்க்க வேண்டும். டெல்லி கனகாம்பரம் மும்மடியக் குரோமோசோம் கொண்டது, அதாவது வழக்கமான இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் உள்ளது. அதில் விதை பிடிக்காது, தண்டை வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். அதுதான் உங்களிடம் இருக்கிறது என்றால், நாட்டு ஆரஞ்சு வகையோ மஞ்சள் வகையோ வைத்திருப்பவரிடம் முற்றிய கதிர் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்.

செடி நாட்டு வகைதான் என்றால், விதை உங்கள் கைக்கு வருமுன்பே தெறித்துப் போயிருக்க வேண்டும். சிறு வயதில் பட்டாசுக்காயை எச்சில் தொட்டு வெடிக்கவிட்டது நினைவிருக்கிறதா? கனகாம்பரமும் அதே குடும்பத்துச் செடிதான். காய்ந்த காயின் மேல் மழையோ பூவாளித் தண்ணீரோ பட்டதும் அது வெடித்து, உள்ளே இருக்கும் தட்டையான விதைகளைத் தூர எறிந்துவிடுகிறது. காலி ஓடு மட்டும் கதிரிலேயே ஒட்டிக்கொண்டு, பார்ப்பதற்கு விதை இருப்பதுபோலவே தோன்றுகிறது. இது தெரியாமல் நானும் செடியின் தலையிலேயே தண்ணீர் ஊற்றி, ஒரு பருவத்து விதை முழுவதையும் இழந்திருக்கிறேன்.

ஆகவே, விதைக்கென்று விட்ட செடிக்கு வேரடியில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். கதிர் அடிவரை பழுப்பேறிய பிறகு, வெயில் ஏறிய நேரத்தில் நறுக்கி எடுத்து, ஆழமான பாத்திரத்தில் போட்டு, சில துளி நீர் தெளித்து மெல்லிய துணியால் மூடிவிடுங்கள். சற்று நேரத்தில் படபடவென்று வெடிக்கும் ஓசை கேட்கும். அந்த விதையை நிழலில் உலர்த்தி, நாள் கடத்தாமல் விதைத்துவிடுங்கள்.

செம்மண், மணல், மட்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, விதைகளைத் தூவி, அவை மறையும் அளவுக்கு மட்டும் மணலிட்டு, அரை நிழலில் ஈரம் காயாமல் வைத்திருங்கள். முளைக்க மூன்று வாரம்கூட ஆகலாம் என்பதால், பத்தாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டாம். ஏறத்தாழ 60 நாள் ஆன நாற்றைப் பெயர்த்து நடலாம். தரையில் என்றால் வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி போதும். நட்ட இரண்டு மூன்று மாதத்தில் முதல் கதிர் வரும். அதன்பின் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்கலாம். மணம் இல்லாவிட்டாலும், மல்லிகையோடு சேர்த்துக் கட்டிய சரத்தில் அந்த ஆரஞ்சு நிறத்துக்கு ஈடாக எனக்கு வேறொன்றும் தோன்றியதில்லை.

கனகாம்பரத்துக்குப் பெரிய எதிரி வேரைத் தாக்கும் நூற்புழு. இலை மஞ்சளாகிச் செடி குன்றினால் அதையும் சந்தேகிக்க வேண்டும். பழைய கனகாம்பரம் இருந்த மண்ணில் மறுபடி நடாமல், புது மண்ணில் வேப்பம் பிண்ணாக்கு கலந்து நடுங்கள். தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள்.

மழைக்குப் பிறகு தாய்ச்செடியைச் சுற்றி ஒரு முழத் தொலைவு வரை மண்ணைக் கவனியுங்கள். தானாகத் தெறித்த விதைகள் அங்கே முளைத்திருக்கும். களை என்று பிடுங்கிவிடாமல், நான்கைந்து இலை விட்டதும் வேர்மண்ணோடு பெயர்த்துத் தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.