பதில்: மாதாமாதம் கொடுக்க மூன்றில் எந்த அமைப்பு?

மாதாமாதம் நன்கொடை கொடுக்க ஒரு குழந்தைகள் இல்லம், பிள்ளைகளுக்குப் பையும் நோட்டும் தரும் அமைப்பு, வாசிக்கக் கற்றுத்தரும் அமைப்பு என மூன்றைச் சொல்லி, நிர்வாகச் செலவு குறைவு என்பதால் குழந்தைகள் இல்லத்துக்கே கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன்.

நன்கொடையில் நிர்வாகத்துக்கு இவ்வளவுதான் போகிறது என்று காட்டும் விகிதத்தை ரொம்ப நம்பாதீர்கள். தணிக்கை, கண்காணிப்பு, ஊழியர் பயிற்சி எல்லாம் பல நேரம் அந்தத் தலைப்பில்தான் வரும். குறைத்துக் காட்டுவதும் சுலபம்.

இல்லம் விஷயத்தில் தயக்கம் வேறு. உலகெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அங்கே கொண்டுவந்து விடுகிறது. வறுமையை மட்டுமே காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு (பெற்றோரிடம் வளராத பிள்ளைகளைப் பராமரிப்பது) வழிகாட்டுதல்களே சொல்கின்றன. ஆகவே அவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: "போன வருஷம் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்? அதன்பின் யார் போய்ப் பார்த்தீர்கள்?" பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

பையும் நோட்டும் தரும் இரண்டாவது அமைப்பு... படம் நன்றாக விழும். அவ்வளவுதான்.

மூன்றாவது அமைப்பு வயதைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துக் குழு பிரிப்பதாகச் சொன்னீர்களே, என் ஓட்டு அதற்குத்தான். பிரதம் என்ற இந்தியக் கல்வித் தொண்டு நிறுவனம் வளர்த்தெடுத்த முறை அது. இந்த முறையில் படிக்காத பிள்ளைகளின் குழுவோடு (கட்டுப்பாட்டுக் குழு) ஒப்பிட்டு நடத்திய ஆய்வுகளிலும் பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் வருகைக் கணக்கை மட்டும் நீட்டினால் ஏற்காதீர்கள். தொடக்கத்திலும் முடிவிலும் வாசிக்கவைத்துப் பார்த்த கணக்கைக் கேளுங்கள்.

முதலில் ஆறு மாதம் கொடுத்துப் பாருங்கள். 'இந்த ஒரு குழந்தைக்கு மட்டும்' என்று பணத்தைக் கட்டிப்போடவும் வேண்டாம்.