பனிச்சறுக்கில் பாதமும் கணுக்காலும்: கேள்வி பதில்

கே: ஜனவரியில் குல்மார்க் போகிறோம். ஸ்கீ பூட்ஸ் அங்கேயே வாடகைக்கு எடுப்போம். ஒரு சைஸ் பெரிதாகக் கேட்கலாமா சார்?

ப: வேண்டவே வேண்டாம். பெரிய பூட்ஸில் குதிகால் எழும்பும். அதை அடக்க பக்கிளை இறுக்குவீர்கள். புறங்கால் அழுந்தி, ரத்த ஓட்டம் குறைந்து, விரல்கள் மரத்துப்போகும். ஸ்கீ பூட்ஸின் சைஸ் என்பது சென்டிமீட்டரில் பாதத்தின் நீளம். குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று அளந்துகொண்டு போங்கள். 26.3 வந்தால் 26.5 கேளுங்கள். பெரும்பாலான பூட்ஸில் 26-க்கும் 26.5-க்கும் கெட்டியான வெளிக்கூடு ஒன்றேதான்.

கடையிலேயே சோதிக்கலாம். உள்ளுறையை உருவிவிட்டு, வெறும் கூட்டுக்குள் விரல்நுனி முன்னால் தொடும்படி காலை விடுங்கள். குதிகாலுக்குப் பின்னால் 1.5 முதல் 2 செ.மீ. இடம் இருக்கலாம். மூன்று கைவிரல் நுழைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உறையோடு போட்டு நிமிர்ந்து நின்றால் விரல் லேசாக உரசும், முழங்காலை மடக்கினால் விலகும். அது சரியான அளவு. போட்டவுடனே செருப்பு மாதிரி சுகமாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கே: போன தடவை கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. பூட்ஸ் சின்னதா?

ப: பெரிதாகவும் இருந்திருக்கலாம். உள்ளே கால் முன்னும் பின்னும் ஓடினால் நகம் இடிபடும். பின்னால் சாய்ந்து ஓட்டினாலும் இதே கதிதான். முந்தின நாளே நகத்தை வெட்டிவிடுங்கள்.

கே: குளிருக்கு இரண்டு சாக்ஸ்?

ப: ஒன்று போதும், மெல்லிய கம்பளி, முழங்கால் வரை. பருத்தி ஈரத்தைப் பிடித்துவைக்கும். தெர்மல் பேண்டைப் பூட்ஸுக்குள் திணிக்காதீர்கள், மடிப்பு முன்னங்காலை அறுக்கும்.

கே: அண்ணா, ஸ்னோபோர்டில் (இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிச் சறுக்குவது) விழுந்து கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கியிருக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, சுளுக்கு என்கிறார்கள்.

ப: வலி வெளிக் கணுக்கால் முட்டிக்குச் சற்றுக் கீழே, முன்பக்கமாக இருக்கிறதா? அப்படியானால் தாலஸ் என்ற, குதிகால் எலும்புக்கு மேலே உள்ள கணுக்கால் எலும்பின் வெளி ஓரம் உடைந்திருக்கலாம். ஸ்னோபோர்டில் அடிக்கடி வரும் முறிவு அது. சாதாரண எக்ஸ்ரேயில் பல நேரம் தப்பிவிடும். எலும்பு மருத்துவரிடம் சி.டி. ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். அதுவரை அந்தக் காலை ஊன்ற வேண்டாம். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங், ஸ்கீயில் விழும்போது கழன்றுகொள்ளும்; ஸ்னோபோர்டில் கழலாது, பூட்ஸும் மென்மையானது. பாதம் மேல்நோக்கி மடங்கி உள்ளே புரளும்போது முழு வேகமும் அந்தச் சின்ன ஓரத்தில் இறங்குகிறது. அடுத்த முறை, தாவிக் குதிப்பதற்கு முன் லேஸ், பட்டை இரண்டையும் மறுபடி இறுக்குங்கள். குதிகால் எழும்பவே கூடாது.

கே: தம்பியின் ஸ்கீயில் என் பூட்ஸ் பொருந்துகிறது. அப்படியே ஓட்டலாமா?

ப: கூடாது. பைண்டிங் கழலும் அளவை எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸ் அடியின் நீளம் எல்லாம் பார்த்து வைப்பார்கள். அந்த நீளம் குதிகால் பக்கவாட்டில் 305, 315 என்று மி.மீ.யில் பொறித்திருக்கும். கடைக்காரரிடம் உங்களுக்கென்று மாற்றி வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டுவதும் முக்கியம். பனி இடையில் நின்றால் பைண்டிங் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, அல்லது சும்மா போகும்போதே கழன்றுவிடும்.